வெண்ணி சாகவில்லை: செங்கணவாய் அணையிலிருந்து இரண்டாம் ஓலை

நீர் நிலைக்க. நிலம் குளிர்க.

ஆயிரம் குளங்களுக்கும் ஒரே கரையாய் நிற்பவரும், மதகு திறக்கும் நாளைத் தம் வாயால் குறித்துத் தருபவரும், அல்லிக்கொடி உயர்த்தியவருமாகிய குளநாட்டு வேந்தர் பெருந்தித்தனார் திருமுன்னர், ஒருநாள் நீரைப் பத்துநாள் பகிர்ந்துண்ணும் வெண்பாலை நாட்டு அரசி ஏழிற்கோமகளாரின் ஆணைவழி அமைச்சன் நெடுங்கீரன் விடுக்கும் ஓலை. தங்கள் குளங்கள் தளும்புக. தங்கள் மக்கள் தாகம் என்னும் சொல்லை மறந்தே வாழ்க.

நலம் கேட்டு நீட்டி எழுத நேரமில்லை, பொறுத்தருள்க. இதற்கு மூன்று நாள் முன்பாக எம் நாட்டிலிருந்து வேறோர் ஓலை புறப்பட்டுவிட்டது. அது அரக்கு முத்திரை இட்டது. தங்கள் நாட்டுப் புன்னையூர் மண்வேலைக்காரி வெண்ணி நீர்க்குற்றம் செய்து மடிந்தாள் என்று அது சொல்லும். அது பொய். முத்திரை உடையாதிருந்தால் உடைக்க வேண்டாம். உடைத்துப் படித்து அவள் தாய் நீலியின் வீட்டுக்கு ஆள் போயிருந்தால், இன்னோர் ஆளை இந்தக் கணமே குதிரை ஏற்றி அனுப்புங்கள். அனுப்பிய பிறகு அமர்ந்து மேலே படியுங்கள்.

எம் அரசியார் வேண்டியபடி ஈராண்டுக்கு முன் தாங்கள் அனுப்பிவைத்த அறுபது மண்வேலைக்காரருள் ஒருத்தி இந்த வெண்ணி. வயது பத்தொன்பது. வந்த முதல் நாள் அவள் செய்த காரியத்தை எம் மக்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பர். எம் நாட்டில் ஊருக்கு ஒரு பங்குக்காரி உண்டு. ஆளுக்கு ஒரு குடுவை எனக் குடிநீர் அளப்பவளும் அவளே, நீர்க்குற்றத்துக்குத் தீர்ப்புச் சொல்பவளும் அவளே. அணைவேலைக்குப் பங்குக்காரியாய் இருந்தவள் கொற்றி. அவள் அளந்து கொடுத்த முதல் குடுவையை வாங்கிய வெண்ணி, ஊர்ப் பழக்கத்தில் முகம் கழுவப் போனாள். கொற்றி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"ஏய் தவளை! அது மூஞ்சிக்கில்ல, தொண்டைக்கு!"

"ஒரு கைத் தண்ணிதானே அக்கா..."

"ஒரு கைத் தண்ணியா? அந்த ஒரு கைத் தண்ணிய சீதனமாக் குடுத்தா எங்க ஊர்ல மாப்பிள்ளை வரிசையில நிப்பான்டீ!"

அன்று முதல் அவளுக்குத் தவளை என்றே பெயர். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. ஊரில் தம்பி கண்டன் இதைவிடக் கேவலமாகத்தான் கூப்பிடுவான் என்பாள்.

எம் சட்டத்தையும் தாங்கள் அறிய வேண்டும். நீரை வேண்டுமென்றே மண்ணில் ஊற்றியவர், ஊற்றியது ஒரு மிடறே ஆனாலும், ஒரு குடுவை நீரோடு தெற்கு மணலுக்கு அனுப்பப்படுவர். எட்டுநாள் நடைக்கு அங்கே ஊற்றில்லை. போனவர் திரும்பியதும் இல்லை. குடுவையைக் கையில் வாங்கிய நொடியே அவர் இறந்தவராக எழுதப்படுவார், அவர் நீர்ப்பங்கும் மூடப்படும். அயல்நாட்டவர் என்றால் அவர் நாட்டுக்கு ஓலையும் அப்போதே புறப்படும். ஆனால் அந்தக் கடைசிக் குடுவை மட்டும் முழுவதும் அவருடையது. அதை என்ன செய்கிறாய் என்று கேட்கும் உரிமை அரசிக்கும் கிடையாது.

இனி அணையைப் பற்றி. வறளி என்றோர் ஆறு எமக்கு உண்டு. ஆறேழு ஆண்டுக்கு ஒருமுறை மலையிலிருந்து பாய்ந்து வரும், ஒரே பகலில் மணல் அதைக் குடித்துவிடும். அது மலையை விட்டு இறங்கும் செங்கணவாயில், இரு சிவந்த பாறைகளுக்கு நடுவே, ஐந்தாள் உயரத்துக்குத் தங்கள் மக்கள் மண்கரை எழுப்பினர். கரைக்கு அடியில் கல்மதகு. மதகிலிருந்து விரல்களைப் போல் பிரியும் வாய்க்கால்கள். அந்த வாய்க்கால்களை நம்பி நானூறு குடும்பங்கள் மணல்மேடுகளை விட்டு இறங்கி, விதைத் தினையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, கரைக்குக் கீழே ஆற்றின் வெற்றுப் படுகையிலேயே குடிசை போட்டுவிட்டன.

கரைவேலைக்குத் தலைவர் தங்கள் மூப்பர் பெருஞ்சாத்தனார், முப்பது குளக்கரை கண்டவர். மண்ணைச் சோதிக்க அவருக்கு ஒரு வழி உண்டு. மண்ணை உருண்டையாய்ப் பிடித்து, மூன்று நாள் வெயிலில் போட்டு, பாறைமேல் ஓங்கி எறிவார். உடையாவிட்டால் நல்ல மண். எம் வெண்தரை மண்ணில் அவர் எறிந்த இருபது உருண்டையில் ஒன்றுகூட உடையவில்லை. ஒன்றை மட்டும் எடுத்து உறியில் போட்டுக் கூடாரத்தில் தொங்கவிட்டு, வருவோர் போவோருக்கெல்லாம் காட்டினார்.

குளநாட்டு மண் ஆயிரம் முறை நனைந்து பிழைத்த மண். காய்ந்தால் தாங்குமா என்பதொன்றே அங்கே கேள்வி. எம் மண்ணோ கல்லைப் போல் காய்ந்தே கிடப்பது, நன்றாக நனைந்தால் என்னாகும் என்று எவரும் கண்டதில்லை. நனைத்துப் பார்க்க மூப்பருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் நாங்கள் விட்டிருக்கமாட்டோம். ஈர மண்ணாய் மிதிக்க நாளுக்கு நூறு குடுவை கேட்டார், கொற்றி ஆயிரம் ஆடுகளைக் கொடுத்தாள். ஆடுகள் மேலும் கீழும் நடந்து கரையைப் பாறைபோல் இறுக்கின. நீரைத் தாங்கவென்று கட்டிய கரையை ஒரு சொட்டு நீரால்கூட யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

வேலை முடிய ஐந்து நாள் இருந்தது. கரையுச்சியை மட்டப்படுத்திக்கொண்டிருந்த வெண்ணி, ஆடுகள் கட்டுண்டு கிடந்த இடத்தில் சின்னச் சின்னக் குழிகளைக் கண்டாள். எறும்பு வளை என்றுதான் முதலில் நினைத்தாள். ஒரு குச்சியை விட்டுப் பார்த்தாள். குச்சி முழங்கை ஆழம் போயிற்று. ஓடிப்போய் மூப்பரிடம் சொன்னாள்.

"மாமா, ஆட்டு மூத்திரம் விழுந்த இடமெல்லாம் கரை பொத்துப்போயிருக்கு."

"மூத்திரம்னா எந்த மண்ணையும் அரிக்கத்தான் செய்யும்."

"முழங்கை வரைக்கும் குச்சி போகுது மாமா. வந்து பாருங்களேன்."

"அறுபது பேரு மூட்டை கட்டி வச்சிட்டு ஊருக்குப் போற நாளை எண்ணிக்கிட்டு இருக்காங்க. ஆடு பேஞ்சதை வச்சு நீ எனக்குப் பாடம் எடுக்காத. போ, வேலையப் பாரு."

அவள் போனாள். ஆனால் கரைக்குக் கீழே புகைந்துகொண்டிருந்த நானூறு அடுப்புகளிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. மலைமேல் இரண்டு நாளாகக் கருமேகம் கூடியிருந்தது. எம் மக்கள் அதைப் பார்த்துப் பார்த்துக் கைகொட்டினர், அவளோ குச்சி போன ஆழத்தையே நினைத்தாள். மறுநாள் உச்சிவெயிலில் எல்லோரும் நிழலில் சாய்ந்திருந்தபோது, அவள் தன் பங்கில் பாதியைக் கரையின் முதுகில் ஊற்றினாள். பாறைபோல் இருந்த மண் சீறிற்று. குமிழி விட்டது. பாலாகி வழிந்து ஓடிற்று.

ஆட்டுக்காரன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டான். அவன் பார்த்தது மண்ணை அன்று, நீரை.

கொற்றியின் முன் நிறுத்தினார்கள். கொற்றி மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினாள் என்று அவளே எம்மிடம் ஒப்புக்கொண்டாள். கைதவறிக் கொட்டியவருக்கு மூன்று நாள் அரைப்பங்கு, அவ்வளவே தண்டனை.

"கை தவறிடுச்சுன்னு சொல்லு."

வெண்ணி கரை இருந்த பக்கமே பார்த்தாள்.

"அடியே, காது கேக்குதா? கை தவறிடுச்சு. மூணு வார்த்தைகூட இல்ல, ரெண்டுதான். சொல்லித் தொலை."

"சொன்னா நீங்க வந்து மண்ணைப் பாப்பீங்களா அக்கா?"

"கொட்டின இடத்தைப் போய்ப் பாக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"அப்ப நான் ஊத்தினேன். வேணும்னுதான் ஊத்தினேன். கரை கரையுதுன்னு காட்ட ஊத்தினேன்."

அவள் வீரத்தால் சொல்லவில்லை. சொன்னதும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா முகம் நினைவுக்கு வந்தது. புறப்படும்போது, ஊர்வம்புக்குப் போகாதே என்றுதான் அம்மா ஆயிரம் முறை சொல்லி அனுப்பியிருந்தாள். தன் வாயே தன்னைக் கொன்றுவிட்டதே என்று அழுதாள். ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை.

விடிந்ததும் கரையுச்சியில் தீர்ப்பு. நானூறு குடும்பமும் அறுபது வேலையாட்களும் கூடிநின்றார்கள். கொற்றி சட்டத்தைச் சொல்லிக் குடுவையை நீட்டினாள். வெண்ணி இரு கையாலும் வாங்கினாள். வாங்கிய நொடியில் அரக்கு முத்திரையிட்ட ஓலை ஒட்டகக்காரன் கைக்குப் போயிற்று, எம் நாட்டிலேயே விரைந்த ஒட்டகம் அது. அதன் மணியோசை தேய்ந்து மறைவதற்குள் மலைமுகட்டில் முரசு அதிர்ந்தது. விட்டு விட்டு அடித்தால் மலையில் மழை என்று பொருள், விடாமல் அடித்தால் ஆறு புறப்பட்டுவிட்டது. அன்று முரசு விடவே இல்லை. நண்பகலுக்குள் வறளி வந்துவிடும்.

மக்கள் ஆர்ப்பரித்தார்கள். கிழவர்கள் அழுதார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே வெண்ணியின் குரல் கீச்சென்று கேட்டது.

"அக்கா, இது என் தண்ணிதானே?"

"உன் தண்ணி."

"என்ன வேணும்னாலும் செய்யலாம்தானே?"

"கேக்க ஆளில்ல."

"மாமா, உங்க உறியில தொங்குதே, அந்த உருண்டையக் குடுங்க."

பெருஞ்சாத்தனார் தயங்கினார். சாகப்போகிறவள் கேட்கிறாள் என்பதால் எடுத்துவரச் செய்தார். பாறையில் எறிந்தும் உடையாத அந்த உருண்டையை வெண்ணி, தன் உயிர் ஓரிரு நாளாவது நிற்பதற்கென்று கொடுத்த நீருக்குள் போட்டாள்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. ஆட்டுக்காரன் சிரித்தான். "தவளை கல்லைப் போட்டுக் கஞ்சி காச்சுது பாருங்கடா!" பிறகு குமிழிகள் வந்தன. உருண்டை வெடித்த பருத்தியைப்போல் வாய் பிளந்தது. முப்பது எண்ணுவதற்குள் குடுவையில் உருண்டையும் இல்லை, தெளிந்த நீரும் இல்லை, வெறும் பால். மூப்பர் கையை விட்டுத் துழாவினார். விரலிடுக்கில் சேறு வழிந்தது. அவர் அப்படியே குந்தினார்.

"கரை நிக்காது" என்றார். "தண்ணி தேங்கி நின்னாலே கரைஞ்சு போயிடும். கீழ ஒரு குடிசை மிஞ்சாது."

கூட்டம் இரண்டுபட்டது. ஏழாண்டு காத்த நீரை ஒரு பெண் பேச்சுக்காக இழப்பதா என்று சிலர் கத்தினார்கள். இரண்டு ஆண்டு கட்டியது குடுவைக்குள் கரையுமா, சூனியக்காரி என்றார்கள். குடுவையையே பார்த்துக்கொண்டிருந்த கொற்றி மூப்பரைக் கேட்டாள்.

"எங்க வெட்டணும்?"

"கரையோட இடது தோள்ல, பாறையோட சேர்ற இடத்துல. அங்க பாறை தாழ்வு, இடுப்பு உயரந்தான் மண்ணு போட்டிருக்கோம். வெட்டினா தண்ணி பக்கத்து ஓடை வழியா உவர்வெளிக்குப் போயிடும்."

"எல்லாமா?"

"முக்காவாசி."

உவர்வெளியில் பாய்ந்த நீரை ஆடும் குடிக்காது. அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும். கொற்றி மண்வெட்டியை எடுத்தாள்.

"அக்கா, நீயா?" என்றான் ஆட்டுக்காரன்.

"தண்ணிய மண்ணுல விடுறவளுக்கு என்ன தண்டனைன்னு நீ எனக்குச் சொல்லித்தர வேணாம். முதல் வெட்டு என் வெட்டு. கை இருக்கிறவன் கூட வெட்டு, மத்தவங்க பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஓடுங்க."

"அப்ப எங்க எல்லாரையும் மணலுக்கு அனுப்புவியா?"

"அனுப்புறேன்டா. முதல்ல அத்தனை குடுவை செய்யச் சொல்லு!"

சிலர் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பிலேயே கால்கள் நகர்ந்தன. வெட்டினார்கள். ஆடு மிதித்து இறுகிய மண் இரும்பாய் எதிர்த்தது. மண்வெட்டிக் காம்புகள் முறிந்தன. வெண்ணியும் வெட்டினாள், முந்தின நாள் மதியம் முதல் ஒரு மிடறும் இறங்காத நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. பாறை தெரியும்முன்னே ஆறு தெரிந்தது. கணவாயின் வளைவில் முதலில் புழுதி, அதன் பின்னே இடி, அதன் பின்னே கட்டையும் கல்லும் உருட்டிக்கொண்டு சிவந்த வறளி.

நீர் கரையைத் தொட்ட இடமெல்லாம் கரை வெண்மையாய் உரிந்தது. ஆட்கள் முழங்கால் நீரில் நின்றும் வெட்டினார்கள். ஒருவர் இடுப்புக் கயிற்றை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். இடத்தோளில் கடைசி மண் பெயர்ந்ததும் ஆறு தலையைத் திருப்பி உவர்வெளி நோக்கிப் பாய்ந்தது. ஆனாலும் கரை உரிவது நிற்கவில்லை. பிற்பகல் முழுதும் பெரிய பெரிய துண்டுகள் தொப்பென்று விழும் ஓசையை வெண்ணி எண்ணிக்கொண்டே இருந்தாள், எண்ணிக்கை தவறினால் கரை போய்விடும் என்பதுபோல. பொழுது சாய நீர் இறங்கியது. கரையின் நடுவில் எஞ்சியது ஓர் ஆடு படுக்கும் அகலம். கீழே நானூறு குடிசையும் நின்றன.

கொற்றி தன் குடுவையை அவளிடம் நீட்டினாள்.

"குடி."

"என் பங்கை மூடிட்டீங்களே அக்கா. நான் செத்தவ."

"செத்தவ இம்மாம் பேச்சுப் பேச மாட்டா. என் பங்குல பாதி, சத்தம் போடாம குடி."

முதல் ஓலையை அன்று யாரும் நினைக்கவில்லை, அடுத்த இரண்டு நாளும் நினைக்கவில்லை. நான்காம் நாள் காலை, ஆறு கொண்டுவந்த கட்டைகளைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்த வெண்ணி திடீரென்று கயிற்றை விட்டாள். "அக்கா, அந்த ஒட்டகக்காரன் எங்க?" என்று கேட்டாள். கொற்றி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அன்றே அரசியாரும் யாமும் செங்கணவாய் சேர்ந்தோம். மேலே எழுதியவையெல்லாம் அங்கே நின்றவர்கள் வாயால் கேட்டவை. கொற்றி தன் அளவைக் கோலை அரசியாரின் காலடியில் வைத்து, நீரை மண்ணில் விட்ட முதற் குற்றவாளி தானே என்றும், சட்டப்படி தனக்கு ஒரு குடுவை தரவேண்டும் என்றும் முறையிட்டாள். அரசியார் நெடுநேரம் கரையில் நடந்தார். பிறகு உரைத்த ஆணை இது:

வெண்ணி குடுவையை வாங்கினாள், குடிக்கவில்லை. ஆகவே அவள் இறந்தவள் அல்லள். அவள் பங்கு இன்று திறக்கப்படும். கொற்றியின் வழக்கை யாமே பதினைந்து ஆண்டுக்குப் பின் விசாரிப்போம், அதுவரை அவளே நீர் அளக்கக் கடவள். இந்நாட்டில் இனி எழும் எந்தக் கரைக்கும், கட்டும் நாள்தோறும் ஒரு குடுவை நீரை மண்ணில் ஊற்றிப் பார்க்க வேண்டும். அந்தக் குடுவை எம் சொந்தப் பங்கிலிருந்து போகட்டும்.

கரைக்குப் பின்னே முழங்கால் நீர் தேங்கியிருந்தது, அதுவும் இறங்கிக்கொண்டிருந்தது. நீர் விட்டுப்போன வண்டலில் எம் மக்கள் விதைத் தினையைத் தூவிவிட்டனர். முளைக்குமா என்று எமக்குத் தெரியாது. பெருஞ்சாத்தனார் ஊர் திரும்ப மறுத்துவிட்டார். மலையடியில் வேறு மண் தேடி, கையில் ஒரு கிண்ணத்தோடு அலைகிறார். ஏனையோர் மாதமுடிவில் நலமாய் வந்து சேர்வர்.

இனி வருவது வெண்ணி தன் தாய்க்குச் சொன்னது. அரசவை நடையில் மாற்றவேண்டாம், சொன்னபடியே எழுது என்று அரசியார் பணித்ததால், எழுத்தாணி அவள் வாயின் பின்னேயே ஓடியது.

"அம்மா, நான் வெண்ணி பேசுறேன். நான் சாகல. நல்லா இருக்கேன். ஓலை வந்திருக்கும், நீ அழுதிருப்ப. அழாத. தண்ணி எதுவும் தலையில ஊத்திக்கிட்டியா? ஊத்தியிருந்தா பரவாயில்ல, நான் வந்து எண்ணெய் தேச்சு விடுறேன். என் சேலையெல்லாம் யாருக்கும் குடுத்துராத. குடுத்திருந்தா அந்த நீலச் சேலைய மட்டும் திருப்பி வாங்கு. கண்டனை அடிக்காத, அவன் என்ன பண்ணுவான். வம்புக்குப் போகாதன்னு சொன்ன. நான் போகலம்மா, அதுதான் என்கிட்ட வந்துச்சு. சாப்பிட்டேன். தண்ணி குடிச்சேன். நிறைய குடிச்சேன்னு எழுதுங்கய்யா, இல்லன்னா அது நம்பாது. எழுதிட்டீங்களா? அம்மா, நீ என்னைய நம்பு, அந்த ஓலைய நம்பாத."

வேந்தே, அரக்கு முத்திரையிட்ட ஓலையையும் எம் முத்திரையோடே அனுப்பினோம், இதையும் அனுப்புகிறோம். எது மெய் என்று ஒரு தாய் எப்படி அறிவாள் என அரசியார் கேட்டார். வெண்ணியே வழி சொன்னாள். ஆகவே இவ்வோலைக்கு அரக்கு இடவில்லை. செங்கணவாய்க் கரையில் எஞ்சிய மண்ணை உருட்டி, வெயிலில் காயவைத்து, அதன்மேல் அரசியாரின் மோதிரம் பதித்திருக்கிறோம். கல்லில் அடித்தாலும் உடையாது.

இம்முத்திரையைத் தாங்களோ தங்கள் பெயரால் ஒருவரோ புன்னையூர் கொண்டுசென்று, நீலியின் கண்முன்னே, அவள் வீட்டுக் குடத்துநீரில் இடக் கடவது. பாலாய்க் கரையுமாயின் இவ்வோலை சொன்னது மெய், அவள் மகள் உயிரோடிருக்கிறாள்.

செங்கணவாய், வறளி வந்த நான்காம் நாள், கதிர் சாயும் பொழுது. எழுதினேன் நெடுங்கீரன். இட்ட முத்திரை கரையக் கடவது. இட்ட ஆணை நிற்கக் கடவது.